வெய்யில் பட்ட சிப்

நெடுந்தீவில், நான் கூட்டித் துடைக்கும் வாசிகசாலையின் பின்னறையில் சில பழைய கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. அவற்றை எழுப்புகிற ஹாட் டிஸ்க் தட்டுகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. என் மகன்தான் வழி கண்டான். ஒவ்வொன்றின் நெட்வேர்க் கார்டிலும் ஒரு சிப்பைப் பொருத்தினான். சுவிச்சைப் போட்டதும் அந்தச் சிப் கம்பி வழியே பெரிய கொம்பியூட்டரிடம் கேட்டு, வேண்டியதை வாங்கிக்கொடுக்க, கொம்பியூட்டர் எழும்பும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவும் அவன் சொல்லித்தான் தெரியும்.

சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி உண்டு. அதில் நாள்கணக்கில் வெய்யில் பட்டால் அவன் அதற்குள் எழுதினது அழிந்துபோகும். பழைய சிப்புகளை அழிக்க, நான் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைக்கும் பாயிலேயே அவற்றையும் பரப்பிவிடுவான். பிறகு புதிதாக எழுதி, கண்ணாடி மேல் கறுப்புத் தாள் ஒட்டுவான்.

"ஒடியல் காணாதெண்டே இந்தக் கால்முளைச்ச பூச்சியளையும் காயவைக்கிறாய்?" என்பாள் என் மச்சாள்.

"கூழுக்குள்ளை போட்டிடாதேங்கோ மாமி."

போன மாரியில் சிப்புகளைக் கழற்றி வந்து, புதிதாக எழுதி, தாள் ஒட்டி ஒரு தகர ரின்னில் வைத்தான். திரும்பப் பொருத்தவில்லை. காய்ச்சல் வந்தது. கடல் குழம்பிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஓடவில்லை. என்னை விட்டுப் போய்விட்டான்.

நான் படுத்த படுக்கையாய்க் கிடந்தேன். வெய்யில் எறித்ததும் மச்சாள்தான் ஒடியல் பரப்பினாள். பிள்ளையின் சாமானில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, தாள்களை உரித்துச் சிப்புகளையும் பக்கத்தில் காயவைத்திருக்கிறாள்.

கொம்பியூட்டர் படிப்பிக்கும் மாஸ்டர் அவற்றைப் பொருத்திப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் வெறுமை. அந்த ஒன்றில், கறுத்த திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தமிழ் வரி வந்தது. மாஸ்டர் வாசித்தார்: "பொறுங்கோ அம்மா, வாறன்." கொம்பியூட்டர் எழும்புமட்டும் காட்ட அவனே எழுதிவைத்ததாம். சாப்பிடக் கூப்பிட்டால் அவன் சொல்வது அதுதான்.

மறுநாள் அந்த வரி வரவில்லை. பிறகொரு நாள், மாஸ்டர் இல்லாத நேரம், வந்தது.

"அரைவாசி அழிஞ்சுபோச்சுது அம்மா. ஒரு நேரம் எழும்பும், ஒரு நேரம் ஏலாது. அடுத்தமுறை வந்தால் நிப்பாட்டாமல் என்னைக் கூப்பிடுங்கோ. படியெடுத்துப் புதுச் சிப்பிலை எழுதிவிடுறன். பிறகு ஒவ்வொரு நாளும் வரும்," என்றார் மாஸ்டர்.

"எடுக்காட்டி?"

"ஒருநாள் அடியோடை போயிடும்."

ஓம் என்றேன். ஆனால் ஒவ்வொரு நாளும் வந்தால், அது மெஷின் சொல்வது. தானாக வருகிற நாளில் அவனல்லவா வருகிறான்.

இன்று காலை அறையைக் கூட்டிவிட்டுச் சுவிச்சைப் போட்டேன். வரி வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வெளியே மாஸ்டர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. சுவிச்சை நிற்பாட்டினேன்.

"என்னம்மா, இண்டைக்கு எழும்பினதோ?"

"இல்லைத் தம்பி."