அத்தைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

அப்போது எனக்கு மூன்றாவது மாதம். மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று எதைத் தின்றும் ரத்த அளவு ஒன்பதைத் தாண்டவில்லை. "ஒழுங்கா துன்னா ஏன் ஏறாது? சோம்பேறித்தனம்" என்று அத்தை முணுமுணுப்பார். அத்தை என் அப்பாவின் அக்கா. அவர் மகனைத்தான் கட்டியிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து, வேறொரு பரிசோதனை எழுதினார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு என் ரத்தத்தில் இருந்தது.

"இது உனக்கு நோய் இல்லம்மா, ரத்தம் ஏறாததுக்குக் காரணம் இதுதான். ஆனா உன் வீட்டுக்காரருக்கும் இருந்தா, குழந்தைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துற நெலம வரலாம். சொந்தத்துல கட்டியிருக்கீங்க, அவருக்கும் பாத்துடுவோம்."

பட்டுக்கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு அவர் வந்தார். ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஐந்து நாளும் நாங்கள் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை.

அவருக்கு இல்லை என்று வந்தது. அதைப் படித்ததும் ஆய்வகத்தின் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வீட்டில் விவரம் சொன்னோம். அத்தை கேட்டார்: "உனுக்கு இது எங்கேர்ந்து வந்துது?"

"அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கலாம், இல்லன்னா அம்மாகிட்டேர்ந்து."

"அப்போ எனுக்கும் இருக்குமா?"

மறுநாள் காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான்தான் அழைத்துப் போனேன். முடிவு வாங்கவும் இருவரும் சேர்ந்தே போனோம். அத்தைக்கும் இருந்தது.

அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "மூணு பெத்தேன். ஒவ்வொரு வாட்டியும் தலை சுத்திக்கினே இருக்கும். சோம்பேறின்னு எங்க மாமியா சொல்லும். நானும் அப்டித்தான் போலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." என் கன்னத்தைத் தொட்டார். "உன்னையும் நான் அதையேதான சொன்னேன், கண்ணு."

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

பெண் பிறந்தாள். இரண்டு வயதில் பார்த்தபோது அவளுக்கும் அந்தக் கூறு இருந்தது. நன்றாக ஓடியாடுகிறாள், கல்யாண வயதில் மாப்பிள்ளைக்கும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

இப்போது உறவில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், காப்பி கொடுப்பதற்கு முன்பே அத்தை கேட்டுவிடுகிறார்: "பொண்ணுக்கும் புள்ளைக்கும் ரத்தம் பாத்தீங்களாபா? ஒரு ஊசிதான், வலிக்காது."