தோலிருக்கச் சுளை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் கிரேன்கள் தெரியும், சென்னை ராயபுரத்தில் தெரிவதைப் போலவே. காலை எட்டு மணிக்கு ஹில்டா அம்மாளுக்குச் சூடாகப் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். தொண்ணூறைத் தாண்டியவர். தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள் பாலின்மேல் ஆடை படிந்துவிடும். உடனே முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளுவார். "ஹவுட்!" என்பார். ஹவுட் என்றால் தோல். இவர்கள் ஊரில் பாலுக்குத் தோல் இருக்கிறது, நம் ஊரில் பால் ஆடை உடுத்தியிருக்கிறது. சின்ன வயதில் அந்த ஆடைக்காக நானும் அண்ணனும் அடித்துக்கொண்டிருக்கிறோம். அது தோல் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேருமே தொட்டிருக்க மாட்டோம். ஏழு வருடமாக இந்தச் சொல்லைத் தினமும் கேட்கிறேன், இன்னும் பழகவில்லை.

பாலுக்குத் தோல் கொடுத்தவர்கள் மற்றதற்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கு ஹவுட். செருப்புக்கும் பைக்கும் லேடர். உருளைக்கிழங்குக்கு ஷாலெ. நமக்கு எல்லாமே தோல்தான். வாழைப்பழத்துக்கும் தோல், மாட்டுக்கும் தோல், மேளத்துக்கும் தோல், மாமியாருக்கும் தோல். கோபம் வந்தால் உரிப்பதும் தோலைத்தான். காசிமேட்டில் நான் வேலை பார்த்த எறா கம்பெனியில் மேஸ்திரி ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அதைச் சொல்லுவார். "பேசிக்கினு இருந்தீங்க, எறாவுக்கு முன்னால உங்க தோல உரிச்சிடுவேன்." அவர் உரிக்கவே வேண்டியதில்லை. ஐஸில் கிடந்த இறாலைக் காலை நான்கு மணியிலிருந்து உரித்தால் நம் தோல் தானாகவே கழன்றுவிடும். விரல் நுனி ஊறி வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு வழவழவென்று ஆகிவிடும். அப்பா போன பிறகு நர்சிங் உதவியாளர் படிப்பை அந்தக் காசில்தான் முடித்தேன். உரித்த கை ஈரம் காயாமலேதான் விமானம் ஏறினேன் என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான்.

அதனால்தான் இங்கே வந்த முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன், ஒன்றும் விழவில்லை. எதிரே இருந்த அதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார். கற்றுக்கொண்ட ஜெர்மனை எல்லாம் திரட்டிச் சொன்னேன்: "மைன் லேடர் இஸ்ட் கபுட்." என் தோல் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் என் கைப்பையை எட்டிப் பார்த்து, "பரவாயில்லை, பழைய பைதானே, முதலில் விரலை வையுங்கள்" என்றார். நான் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி இருவருமாகச் சிரித்தார்கள். ஆனால் ஒன்று, சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து, "வேலையினால் ரேகை தேய்ந்துள்ளது, பிறகு எடுக்கவும்" என்று எழுதி முத்திரை குத்தினார். கையுறையும் களிம்புமாக இரண்டு வருடம் போனது. ரேகை திரும்பி வந்தது. அடுத்த தடவை ஒரே அழுத்தில் விழுந்தது.

இப்போது என் பிழைப்பே தோல்தான். கிழவர்களின் தோல் சிகரெட் தாள் மாதிரி. புரட்டும்போது விரல் அழுந்தினால்கூடச் சிவந்துவிடும். ஹில்டா அம்மாளின் இடுப்பில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தால் நான் படம் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், எப்போது வந்தது, எதனால் வந்தது, யார் பணியில் இருந்தார்கள் என்று மூன்று பக்கம் நிரப்ப வேண்டும். 'எதனால்' என்ற கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்குப் போக முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தோலுக்கு அவ்வளவு மரியாதை உண்டு என்று நான் கற்றுக்கொண்டது இங்கேதான். கற்றுக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு முகத்துவாரக்குப்பத்தில் இருக்கிறது. அண்ணன் ஏழுமலை எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிறவன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பான். அந்த வேலைக்கு விரல் நுனிதான் கண். வாசலில் நின்று என் பெட்டியை வாங்கிய அவன் கையை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் செதில் செதிலாக உரிந்து, இடையிடையே பச்சைப் புண். உள்ளங்கையில் எண்ணெய்க் கறுப்பு ஏறி நிலைத்துவிட்டது.

தோலிருக்கச் சுளை விழுங்குகிறவன் என்று நம் ஊரில் சொல்வார்கள். எங்கள் கழிமுகத்துக்கு நடந்தது அதுதான். மேலே பார்த்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, கொக்கு நிற்கிறது, வெயில் பட்டால் மின்னுகிறது. உள்ளே சுளையைக் காணோம். சாம்பலும் சுடுதண்ணீரும் எண்ணெயும் எந்த ஆலைக் குழாய் வழியாக வருகின்றன என்பது குப்பத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எழுத வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது.

அண்ணனுக்கு அப்போது வேறு ஒரு கவலை. ரேஷன் கார்டில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கடைக்கு நேரில் வந்து விரல் வைக்க வேண்டுமாம், வைக்காதவர் பெயர் நீங்கிவிடுமாம். அண்ணன் நான்கு தடவை போய்விட்டான். விரல் விழவில்லை. கண்ணைப் பார்க்கும் மிஷின் ரிப்பேர். எழுதிக் கொடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவனே மனு எழுதியிருக்கிறான்: 'என் கையில் உள்ள தோள் போய்விட்டது.' எங்கள் நாக்கில் இரண்டு எழுத்துக்கும் ஒரே சத்தம்தான், பாவம், அவன் என்ன செய்வான்? கடைக்காரர் அதை வரிசைக்கே கேட்கும்படி படித்துவிட்டு, "தோள் போய்ட்ச்சா? ரெண்டும் அப்டியேதான கீது நைனா!" என்றாராம். வரிசை முழுக்கச் சிரித்ததாம். அண்ணன் இதைச் சொல்லும்போது தானும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இதே சொல்லில் வழுக்கி விழுந்தவள்தானே. ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தவர் கடைசியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். இவனுக்கு, "டாக்டர் சீட்டு வாங்கிக்கினு வா" என்பதுதான் பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர். அண்ணன் கையைத் தொடாமலே பார்த்துவிட்டு, "டெய்லி சோப்பு போட்டுக் குளிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நாள் பூரா தண்ணிலதான் கீறேன் டாக்டரு" என்றான் அண்ணன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சீட்டில் இங்கிலீஷில் எழுதினார்: 'தோல் நோய். தன்சுத்தக் குறைவு.' எனக்கு உச்சி சுட்டது. எதனால் வந்தது என்று எழுதுங்கள், என்ன வேலை செய்கிறார், எந்தத் தண்ணீரில் நிற்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். ஜெர்மனியில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், அங்கே ஒரு சிவப்புப் பொட்டுக்கு மூன்று பக்கம் எழுதுகிறோம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அங்க இருக்கற மாதிரி இங்க எதிர்பார்க்க முடியாது மேடம்" என்றார். அண்ணனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர், என் காலில் இருந்த ஷூவைப் பார்த்து என்னை மேடம் ஆக்கிவிட்டார். அதே சேற்றில் விளையாடியவள்தான் நானும்.

அண்ணன் சீட்டைக் கையில் வாங்கி, என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு நான்காக மடித்து மேசைமேலேயே வைத்துவிட்டான்.

"தண்ணி கலீஜு டாக்டரு. நான் கலீஜு இல்ல."

இவ்வளவுதான் சொன்னான். வெளியே வந்ததும் நடையை வேகமாக்கினான். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பான்.

மறுநாள் கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போய் மெல்லிய கையுறை கேட்டேன். கடைக்காரர், "ஸ்கின் கலர்லயே கீது, தரட்டா?" என்று எடுத்துப் போட்டது பன்றிக்குட்டி மாதிரி வெளிர் ரோஜா நிறம். "யாரோட ஸ்கின்னுங்க இது?" என்று கேட்டேன். அவர் கையும் என் கை நிறம்தான். கையுறையையும் தன் கையையும் பார்த்துவிட்டு வேறு பெட்டியைத் தேடினார். ஹாம்பர்க்காரர்கள் சொன்னால் அறியாமை என்று விடலாம், கல்மண்டபத்தில் இருந்துகொண்டு நம் தோலை நாமே கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன சொல்வது? கறுப்பு நிறத்தில் வாங்கிவந்தேன். அண்ணன் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினான். "எறா கைல தெரியாது சாந்தி" என்றான்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், நானும் கூட வருகிறேன் என்று அவனுடன் ரேஷன் கடைக்குப் போனேன். எலுமிச்சம்பழம் தேய்த்து, லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான் அந்தக் கட்டைவிரலை. வைத்தான். மிஷின் மறுத்தது. இன்னொரு விரல், இன்னொரு கை. கடைக்காரர் அன்று கிண்டல் செய்யவில்லை. "மாசக் கடசி வரிக்கும் டைம் கீது நைனா. அப்பயும் விழலன்னா பேரு தானா பூடும், நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். திரையை விரலால் தள்ளியவர், "ஆமா, இதுல சாந்தின்னு ஒர்த்தி கீறாளே, அது யாரு?" என்றார்.

என் பெயரை நீக்கவே இல்லையா என்று நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "வூட்டுப் பொண்ணு பேர எவன் எடுப்பான்?" என்றான் அவன். "நீதானா? வைம்மா வெரல" என்றார் கடைக்காரர். யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது. பழக்கம். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியா, இன்னா சுத்தமா விழுது!" என்றார் அவர்.

"நான் இங்க இல்லைங்க, ஜெர்மனில இருக்கேன். என் பேர எடுத்துட்டு எங்க அண்ணன் பேர வைங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்டி மாத்த முடியாதும்மா. மிஷின்ல நீ இங்கதான் கீற."

அண்ணன் என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அதன்மேல் இருக்கும் தோல் ஹாம்பர்க்கில் வளர்ந்தது. கோடுகள் மட்டும் முகத்துவாரக்குப்பத்தில் போட்டவை. அவன் விரலிலும் அப்படித்தான் ஏதோ கோடுகள் இருந்தன, அவற்றைக் கழிமுகம் தின்றுவிட்டது. "சரி வுடு, வூட்ல ஒர்த்தியாச்சும் கீற" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு யாரை அடிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வியாழக்கிழமை எனக்கு விமானம். விடியுமுன் நான் கிளம்பும்போது அண்ணன் பறியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தான். கழுத்தளவு போனதும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். கார்டின்படி அந்த ஊரில் இருப்பவள் நான்.