வாசல் தெளிக்காத மூன்று நாட்கள்

எங்கள் வாசலில் பாவிய கருங்கற்களின் இடுக்கிலிருந்து ஒரு தேள் வந்தது. தவழ்ந்துகொண்டிருந்த என் மகளுக்கு ஒரு முழம்தான் தள்ளி. இடுக்குகளை நானே தார் ஊற்றி அடைப்பதென்று முடிவு செய்தேன். செய்முறையைப் படித்துக் குறித்தும் வைத்தேன். ‘கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்’ என்பதுதான் முதல் வரி.

ஆனால் தார் ஊற்றவிருந்த அன்று விடிந்ததும், பழக்கத்தில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டேன். வெயிலில் கல் காய்ந்தது, இடுக்கு காயவில்லை. கொதிக்கும் தாரை ஊற்றியதும் உள்ளேயிருந்த ஈரம் சீறியது. தார் தெறித்துப் புறங்கையில் ஒட்டியது. பிய்க்கப் போனேன்.

“பிய்க்காதம்மா! தோலு வந்துடும்!”

குடத்தோடு தெருவில் போன ஒரு பெண் ஓடிவந்து, மொத்தத் தண்ணீரையும் என் கையில் மெல்ல ஊற்றினார். ரோடு போடும் வேலைக்குப் போகிறவராம்.

வாசலோரம் கிடந்த கிலுகிலுப்பையைப் பார்த்தார். “கொழந்த எங்க?”

“உள்ள தொட்டில்லக்கா.”

“அந்தப் புத்தி எங்க மேஸ்திரிக்கே கெடயாது.”

அழுகையிலும் சிரித்துவிட்டேன். “எனக்கு இன்னாத்துக்கு இந்த வேலைக்கா?”

“ஏன், நல்லாத்தான் ஊத்தினுகீற. மூணு நாளு வாசல் தெளிக்காம வுட்டு ஊத்து.”

மாமியார் முணுமுணுத்தார். நான் தெளிக்கவில்லை. நான்காம் நாள் ஒவ்வொரு இடுக்கிலும் குச்சி விட்டு ஈரமில்லையென்று பார்த்து, முழுவதையும் அடைத்து முடித்தேன்.

இன்று மகள் அந்த வாசலில் நடக்கிறாள். என் பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்காக எந்த வேலையையும் நான் பாதியில் விடுவதில்லை.