விசிலுக்கு ஒதுங்கும் தெரு

ஆபத்து என்றால் உங்கள் கை முதலில் எங்கே போகும்? படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, கையை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். கைப்பையின் அடியிலா? துப்பட்டாவின் முனையிலா? அல்லது ஒன்றும் அகப்படாமல் வெறுங்கையாகத் திரும்பி வருகிறதா?

பெண்களுக்குத் துணி தைப்பவளுக்கு அளவெடுக்கும்போதே எதிரில் நிற்பவளின் அச்சமும் தெரிந்துவிடும். இந்தத் தொழிலின் சுமை அது. "கழுத்தை ஏத்தி வைங்க", "கையை முழுசா வைங்க", "சைடுல ஒரு பை வேணும்" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தெருவோ பேருந்தோ இருக்கிறது. அங்கே ஒரு மனிதன் நிற்கிறான். தண்டையார்பேட்டையில், குடோன்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவின் முனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தையல் இயந்திரம் ஓடுகிறது. அந்தத் தெருவைக் கடந்து வீடு சேரும் பெண்கள் எல்லோரும், உங்களையும் என்னையும் போலவே, தோளைக் குறுக்கி நடக்கக் கற்றவர்கள்தாம். அவர்களில் சுகந்தி என்ற ஒருத்தியை முன்னிட்டு நான் கற்றதையும், கற்கத் தவறியதையும் சொல்கிறேன்.

எந்தப் பக்கம்

முதல் பாடம் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து எங்கள் தெருக்களில் விற்பவள் அவள். நைட்டியில் பை வைக்கச் சொன்னாள். எல்லோருக்கும் வைப்பது போல வலப்பக்கம் வைத்துத் தைத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"வலது கை கூடையைப் புடிச்சுகினு கீது. பையில இருக்கற போனை எடுக்க இன்னா பண்றது, மீனை ரோட்டுல கொட்டவா?" என்றாள். தவறு எனக்குப் புரிந்தது. பையைத் துணியின் அழகு பார்த்து வைத்திருந்தேனே தவிர, எந்தக் கை ஓய்வாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பையைப் பிரித்து இடப்பக்கம் மாற்றும்போது, மீன் நறுக்கும் கத்தியையும் அதில் வைத்துக்கொள்ளலாமே என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கத்தியை நான் எடுத்தா, புடுங்கிகினு அவன் குத்துவான். போனுக்கு மட்டும் தை, டைலரம்மா."

காற்று

சுகந்திக்கு இருபத்தொரு வயது. மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாலை ஆறு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி, குடோன் தெரு வழியாக நடந்தால் அவள் வீடு. இருபுறமும் லாரிகள் நிற்கும். நடுவில் இருவர் ஒட்டி நடக்கத்தான் இடம். அந்த இடைவெளியில் ஒருவன் பைக்கை மெதுவாக ஓட்டி அவள் பக்கத்திலேயே வரத் தொடங்கினான். ஒருநாள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் தந்தை, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிவரை தவணை கேட்டு வாங்கியிருந்தாள் அந்தப் பெண். அதற்குள் வழி பிறக்காவிட்டால் வேலை போய்விடும்.

மிளகு ஸ்ப்ரே ஒன்றை வரவழைத்து, அதன் அளவுக்கு ஒரு பை கேட்டாள். இம்முறை முதல் கேள்வியாக எந்தக் கை என்று கேட்டு, இடப்பக்கம் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை இரு கண்களும் சிவந்து வீங்கி வந்து நின்றாள். யாரோ தாக்கிவிட்டார்கள் என்று பதறி எழுந்தேன். நடந்தது வேறு. ஆளில்லாத இடமாகப் பார்த்து ராயபுரம் கடற்கரைக்குப் போய், கடலைப் பார்த்து நின்று ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கிறாள். மாலைக் காற்று அத்தனையையும் அவள் முகத்துக்கே கொண்டுவந்துவிட்டது. கருவி நல்ல கருவிதான். வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத் திறந்தவெளியில் ஒருமுறை, காற்றுக்கு முதுகைக் காட்டி, அடித்துப் பழக வேண்டும் என்பதை அந்தக் கண்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. நைட்டியை வாங்க வந்திருந்த ஸ்டெல்லா, தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"சாயங்காலத்துல கடல் காத்து எந்தாண்டருந்து வரும்னு எங்கூட்டு நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியுமே. இன்னா கண்ணு ஆபீசுல வேலை பாக்கற நீ?"

விசில்

அறிவுரை சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. காற்று விசிலை ஒன்றும் செய்யாது என்று சுகந்தியிடம் சொல்லி, நானே ஒரு விசிலை வாங்கி, சுடிதாரின் தோள்பட்டை ஓரத்தில் ஒரு வளையம் தைத்து அதில் கோத்துக் கொடுத்தேன். கையே தேவையில்லை, தலையைத் திருப்பினால் வாய்க்கு வரும். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு அன்று படுத்தேன்.

மூன்றாம் நாள் ஆறு மணி இருக்கும். ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே விசில் சத்தம் மூன்று முறை கேட்டது. எங்கள் தெருவில் விசில் என்றால் லாரி பின்னோக்கி வருகிறது என்று பொருள். கிளீனர் ஊதுவார், எல்லோரும் சுவரோரமாக ஒதுங்குவோம். நானும் அப்படியே நினைத்தேன். என் கால் பெடலை விட்டு எழவில்லை. சற்றுநேரம் கழித்துச் சுகந்தி உள்ளே வந்தாள். வலது தோளில் தையல் பிரிந்து சுடிதாரின் கை தொங்கியது. அவன் பிடித்து இழுத்திருக்கிறான். முழங்கையால் அவன் நெஞ்சில் இடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அழவில்லை. ஊக்கு ஒன்று கேட்டாள். அதைக் கொடுத்தபடியே, விசில் ஊதவில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"ஊதுனேன்க்கா. உங்க கடைக்கு எதுக்கதான் நின்னு ஊதுனேன்."

டீக்கடையில்

குற்றம் செய்தவர்களுக்குக் கூட்டாளி தேவைப்படுகிறது. நேரே காதர் பாயின் டீக்கடைக்குப் போனேன். பாய் என் கடைக்கு மூன்று கடை தள்ளி இருப்பவர். ஒரு பெண் ஊதுகிறாள், தெருவே மரமாக நிற்கிறது, இது என்ன மனிதத்தன்மை என்று அவரை நிற்கவைத்துப் பிரசங்கம் செய்தேன். நான் முடித்தபின், அப்போது நான் எங்கே இருந்தேன் என்று மட்டும் அவர் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீயை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கும் கேட்டுச்சு. லாரி வர்துன்னு பெஞ்சை உள்ள இழுத்துப் போட்டேன். 'காதர் பாய்'னு கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்மா. பொறந்ததுலர்ந்து இந்தக் கடையைத் தாண்டிப் போவுது அந்தப் பொண்ணு. அதுக்கு என் பேரு தெரியுமா? எனக்குத்தான் அது பேரு தெரியுமா?"

ஒற்றை நூல்

குடோனில் மூட்டைகளைப் பாருங்கள். சாக்கின் வாயை ஒற்றை நூலால் சங்கிலி போலத் தைத்திருப்பார்கள். சுமை தூக்குபவர் நூலின் முனையைத் தேடிப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் வாய் முழுவதும் திறந்துகொள்ளும். என் இயந்திரத்தின் தையல் அப்படிப்பட்டதன்று. ஊசியோடு மேல்நூல் இறங்குகிறது. கீழே பாபினிலிருந்து இன்னொரு நூல் ஏறி வந்து ஒவ்வொரு தையலிலும் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றை இழுத்தால் மற்றது விடாது. சுகந்திக்கு நான் இதுவரை கொடுத்தவை எல்லாம் மேல்நூல்தாம். அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கீழ்நூல் இந்தத் தெரு.

மறுநாள் காலை அவளோடு காவல் நிலையத்துக்குப் போனேன். பைக்கின் எண்ணை அவள் மனத்தில் வைத்திருந்தாள். புகாரில் எழுதிக் கொடுத்தோம். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு அவளைத் தெரு முழுவதும் அழைத்துப்போனேன். காதர் பாய், குடோன் வாட்ச்மேன் முனுசாமி, லாரி எடைமேடையில் இருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் அவள் பெயரைச் சொல்லி, அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டோம். பிறகு கடைக்குள் வந்து அந்தப் பெயர்களைக் கூப்பிட்டுப் பழகச் சொன்னேன். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அடக்கம் என்ற பெயரில் பெண்பிள்ளைகளின் குரலை நாமே அல்லவா இத்தனை காலமும் பிடித்துத் தைத்துவிட்டோம்? ஸ்டெல்லா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"தொண்டைல கத்தாத, வவுத்துலர்ந்து கூவு. மூணாவது மாடில குந்திகினு கீறவளை நான் கீழ எறக்கறேன்ல, அந்த மாரி."

நான்கு பெயர்கள்

அடுத்த வியாழக்கிழமை அவன் மறுபடியும் வந்தான். லாரிகளின் நடுவே பைக்கைக் குறுக்கே நிறுத்தினான். சுகந்தி வயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "காதர் பாய்! முனுசாமி அண்ணே! ஸ்டெல்லாக்கா! டைலரக்கா!" என் பெயர் காதில் விழுந்தபோது, ஊசி துணிக்குள் இறங்கியபடியே நிற்க, நான் தெருவில் இருந்தேன். பாய் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார், ஸ்டெல்லா தலையில் கூடையோடு வந்தாள். முனுசாமி பைக்கின் சாவியை உருவிக்கொண்டார். யாரும் அவனை அடிக்கவில்லை. அடிக்க வேண்டாம் என்று பாய் எல்லோரையும் தடுத்தார். காவலர்கள் வரும்வரை, வழி கேட்கத்தான் நிறுத்தினேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். புகாரில் இருந்த எண்ணும் பைக்கின் எண்ணும் ஒன்றாக இருந்தன.

மாதக் கடைசியில் சுகந்தியின் தந்தை கடைக்கு வந்தார். முன்பின் பேசியதில்லை. கையில் இருந்த துணிப்பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு சுடிதாரு தெச்சுக் குடும்மா. லெப்டுல பை வெக்கணுமாம். அடுத்த மாசமும் வேலைக்குப் போவுதுல்ல."

சகோதரிகளே, ஸ்ப்ரே வாங்குங்கள், காற்றைப் பார்த்துப் பழகுங்கள். முழங்கையால் இடிக்கக் கற்றுத்தரும் வகுப்பு அருகில் இருந்தால் சேருங்கள். விசில் வைத்திருந்தால் அது எதற்கு என்று தெருவுக்குச் சொல்லி வையுங்கள். சகோதரர்களே, கடை வைத்திருப்பவர்களே, உங்கள் கடையைத் தாண்டிப் போகும் பெண்ணுக்கு உங்கள் பெயர் தெரியுமா என்று யோசியுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பை தைத்துப் பிழைக்கும் நான் என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: பெயர்களுக்குப் பை தேவையில்லை, ஆகவே நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே, விளக்கேற்றுவதற்குள், எழுந்து போய் உங்கள் தெருவில் ஐந்து பேரின் பெயரைக் கேட்டு, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.