ஊர்க்கிணற்றுக் கயிறு

அந்த அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் பைண்டர் வரை எல்லாருக்கும் அவள் புள்ளியம்மா. தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்தபடியே எந்த எழுத்தின் தலையில் புள்ளி விழவில்லை என்று சொல்லிவிடுவாள். மாடிப்படிக்குக் கீழே அவளுக்கென்று ஒரு பொந்து. ஒரு மேசை, ஒரு குழல்விளக்கு, நாலைந்து சிவப்புப் பேனா. எந்திரம் ஓடும்போது நாற்காலி அதிரும். மருந்து டப்பா அட்டையானாலும் சரி, பாடப்புத்தகமானாலும் சரி, அவள் கண்ணைத் தாண்டித்தான் எந்திரத்துக்குப் போகும்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை உதறிவிட்டு வந்த தங்கையோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். தங்கைக்கு ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. அக்காவும் தங்கையும் சண்டை போடாத நாள் கிடையாது. போட்ட சண்டை மறுநாள் வரை நின்றதும் கிடையாது. புள்ளியம்மாவுக்கு யார்மேலும் கோபம் தங்காது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் இருபத்தேழு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். அது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஆள் பேராசிரியர்.

இளவயதில் பகலெல்லாம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துவிட்டு, மாலைக் கல்லூரிக்கு ஓடுவாள். அங்கே அவர் பழம்பாடல் நடத்தினார். உரையில் இருப்பதை வரி மாறாமல் ஒப்பிப்பார், அவ்வளவுதான். ஒருநாள் இவள் எழுந்து கேட்டாள்.

"ஐயா, இந்தப் பாட்டுல தலைவி கதவு திறந்திருக்கு, கதவு திறந்திருக்குன்னு மூணு தடவை சொல்றாளே. அப்போ யாருமே வரலைன்னுதானே அர்த்தம்? காத்துக்கிட்டு இருக்கேன்னு அவ எங்கேயும் சொல்லலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதிக் கொண்டு வா" என்றார்.

எழுதினாள். இரண்டு வருஷம், மூன்று நோட்டு, நாற்பது பாட்டுக்கு உரை. பாட்டைச் சொல்வது யார், யாரிடம், எந்த நேரத்தில். சொன்னது என்ன, சொல்லாமல் உள்ளே ஒளித்து வைத்தது என்ன. அந்த உவமை ஏன் அங்கே வந்து உட்கார்ந்தது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று மூன்றையும் வாங்கிக்கொண்டார். மறு வருஷம் அது புத்தகமாக வந்தது. அட்டையில் அவர் பெயர். முன்னுரையின் கடைசியில், தட்டச்சுக்கு உதவிய மாணவிக்கு நன்றி.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், இது நான் எழுதினது."

"நீ எழுதினே, யார் இல்லைன்னா? நான் வகுப்புல சொன்னதைத்தானே எழுதினே? உனக்கு எழுத்துதாம்மா தெரியும். பொருள் காண்கிறது வேற வேலை."

"அப்போ என் நோட்டைக் குடுங்க."

"அது எங்கேயோ தொலைஞ்சு போச்சு."

அறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆசிரியை வேலைக்கு அவள் நேர்காணலுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படித்தான் அச்சகத்துக்கு வந்தாள். அவள் போதாத காலம், சில வருஷங்கள் கழித்து அவருடைய புத்தகங்களும் அங்கேயே அச்சுக்கு வந்தன. அவள் உரை எழுதிய நாற்பது பாட்டு தீர்ந்துபோயிருந்தது. இனி சொந்தச் சரக்கு. தாளுக்குத் தாள் தப்பு. எழுத்தில் இல்லை, பொருளில். குத்தலைப் பாராட்டு என்பார், அழுகையை இயற்கை வருணனை என்பார். பாட்டு வீணாகிறதே என்ற பதைப்பில் அவள் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்புவாள். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் அதையெல்லாம் சேர்த்துக்கொள்வார். ஒன்பது வருஷம் இப்படிப் போனது. ஒவ்வொரு புத்தகம் வெளிவரும்போதும் அவளுக்கு வயிறு எரியும். இருந்தும் அடுத்த புரூஃப் வந்தால் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

அவருடைய மணிவிழாப் புத்தகத்தின் முதல் புரூஃபில் எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பினாள்; பொருள் குறிப்பது எப்போதும் இரண்டாம் புரூஃபில்தான். அது அவரிடம் போய்த் திரும்பியபோது, முதல் தாளில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "புள்ளி வைக்கும் அம்மையார் புள்ளியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பொருளில் தலையிட வேண்டாம்."

முதலாளி தர்மசங்கடமாகச் சிரித்தார். "பெரியவரு, ஏதோ கோபத்துல எழுதிட்டாரு. மனசுல வச்சுக்காதீங்கம்மா."

"வச்சுக்கலை சார். அவர் சொன்னபடியே செஞ்சுடறேன்."

அந்தத் தாளை மட்டும் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் புரூஃபை இருபது நாள் வைத்துப் பார்த்தாள். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் பார்த்ததில்லை. ஒரு புள்ளி, ஒரு கால் தப்பவில்லை. அச்சகத்தின்மேல் யாரும் விரல் நீட்டக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். பொருளில் பதினோரு தப்பு இருந்தது. பதினொன்றையும் அப்படியே போகவிட்டாள். எட்டாவது தப்பைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் சொன்னாள்.

"ஒரு பாட்டு. வீட்டுக்காரன் மூணு நாளா வீட்டுக்கு வரலை. பொண்டாட்டி தோழிகிட்ட சொல்றா: என் தலைவன் ரொம்ப நல்லவன்டி, ஊர்க்கிணத்துக் கயிறு மாதிரி, எந்தக் கை பிடிச்சாலும் வளைஞ்சு கொடுப்பான்னு."

தங்கை இஸ்திரிச் சூடு பட்ட விரலை ஊதிக்கொண்டே சொன்னாள், "அடப்பாவி! ஊர் மேயறவன்னு சொல்றா. என் ஆளும் கயிறுதானே!"

"பேராசிரியர் என்ன எழுதியிருக்காரு தெரியுமா? தலைவனின் பாகுபாடற்ற பொதுநலப் பண்பு."

தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "ஆனா அக்கா, பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் சேர்த்துப் பலி குடுக்கறியே."

புள்ளியம்மாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. சுருக்கென்றாலும் அவள் மனசு மாறவில்லை.

வெளியீட்டு விழாவில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மண்டபம் நிறையத் தமிழாசிரியர்கள். சிறப்பு விருந்தினர் பாடநூல் துறை இயக்குநர். முன் வரிசையில் அவருடைய மனைவி. இயக்குநரைப் பற்றித் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. மனைவிக்கும் தெரியும் என்பார்கள். இப்படியெல்லாம் அமையும் என்று புள்ளியம்மாகூட நினைத்திருக்கவில்லை.

பேராசிரியர் ஏற்புரைக்கு எழுந்தார். "பழைய பாட்டு ஒன்று சொல்கிறது, உயர்ந்த மனிதன் ஊர்க்கிணற்றுக் கயிறு போன்றவன் என்று. எந்தக் கை பிடித்தாலும் வளைந்து கொடுப்பவன். நம் இயக்குநர் அவர்களும் அப்படிப்பட்ட ஒரு கயிறு!"

நடு வரிசையில் யாரோ க்ளுக் என்றார்கள். அது பக்கத்துக்குப் பரவியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஐயா, அந்தப் பாட்டைச் சொல்றது யாரு?"

"தலைவிதான்."

"யார்கிட்ட?"

"தோழியிடம்."

"அந்த நேரத்துல தலைவன் எங்கே ஐயா இருக்கான்?"

பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டினார்.

"அடுத்த தெருவுல. வீட்டுக்கு வந்தே மூணு நாளாச்சு. பாட்டோட முதல் அடியே அதுதானே? புகழ்ற மாதிரி ஏசறா அந்தப் பொண்ணு. வஞ்சப்புகழ்ச்சின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நாங்க நடத்தறோம்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி எழுந்தார், கைப்பையை எடுத்தார், யாரையும் பார்க்காமல் நடு வழியே வெளியே போய்விட்டார். பேராசிரியர் ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். புள்ளியம்மா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வயிறு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

பாடநூல் குழுவிலிருந்து பேராசிரியர் பெயர் போயிற்று. மற்ற பத்துத் தப்புகளையும் ஆளுக்கொன்றாகக் கண்டுபிடித்தார்கள். புத்தகங்கள் கட்டுக் கட்டாக அச்சகத்துக்குத் திரும்பி வந்தன. அவற்றின் பின்னாலேயே ஒருநாள் அவரும் வந்தார். மாடிப்படிக்குக் கீழே தலை இடிக்காமல் குனிந்து நின்றார்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

இருபத்தேழு வருஷத்து நீ, நீங்க ஆகியிருந்தது.

"தெரிஞ்சேதான் சார். பதினோரு இடம். பக்க எண் சொல்லட்டுமா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கைப்பையைத் திறந்து, மடித்து வைத்த தாளை அவர் முன்னால் விரித்தாள். அவர் தன் கையெழுத்தைப் படித்துவிட்டுத் தாளை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"திருத்திய பதிப்பு போடணும். நீங்க பார்த்துக் குடுத்தா..." குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டு மூணும் வீட்டுலதான் இருக்கு. திருப்பிக் குடுத்துடறேன்."

தொலையவில்லை! அத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. காட்டிக்கொள்ளவில்லை.

"முதல்ல நோட்டைக் கொண்டு வாங்க சார்."

மறுநாளே கொண்டு வந்தார். ஒவ்வொரு நோட்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு தாளும் குறையவில்லை என்று பார்த்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உங்க புத்தகத்தை நான் தொட மாட்டேன். கிளம்புங்க."

நோட்டுகளில் மாலைக் கல்லூரியின் முத்திரையும் தேதியும் இருந்தன. முதலாளி அதைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார். அந்த வருஷமே நாற்பது பாட்டின் உரையும் அவள் பெயரில் வெளிவந்தது. கூடவே, அவள் போகவிட்ட பதினொன்றும் சரியான உரையோடு. வழக்குப் போடுவேன் என்று பேராசிரியர் ஆள் அனுப்பினார், போடவில்லை. அவர் புத்தகம் வைத்திருந்த பள்ளிக்கூடங்களின் முகவரியைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தன் புத்தகத்தை அவளே கைப்பட முகவரி எழுதி அனுப்பினாள். அவருடைய முதல் புத்தகத்தின் எந்தப் பக்கம் தன் எந்த நோட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு தாளும் வைத்தாள். நூற்றுப் பதினாறு பள்ளிக்கூடம். ஒன்றையும் விடவில்லை.

அடுத்த வருஷம் பேராசிரியர் படுத்த படுக்கையானார். முதலாளி மெல்ல வந்து சொன்னார், "உங்களைப் பார்க்கணும்னு சொல்றாராம்மா. ஒரு தடவை போய்ட்டு வந்துடுங்களேன். மனுஷன் முடியாம கெடக்கறாரு."

"மன்னிப்புக் கேட்கவா சார் கூப்பிடறாரு?"

"இருக்கும்."

"எழுதி அனுப்பச் சொல்லுங்க. நான் பிழை பார்த்துத் தரேன்."

அவள் போகவில்லை. சாவுச் செய்தி வந்த அன்று தங்கைதான் கேட்டாள், "இப்பவாவது மனசு ஆறுச்சா அக்கா?"

"பாதி" என்றாள் புள்ளியம்மா. "அன்னைக்குத் தேநீர் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களே ரெண்டு பேரு. அவங்க ஒருத்தரோட புத்தகம் அடுத்த வாரம் புரூஃபுக்கு வருது."