ரொக்கமாகக் கொடுத்தால் விலை அதிகம்

முழுப் பணத்தையும் கையில் கொண்டு வருபவருக்கு விலை ஏன் அதிகம், கடன் வாங்குபவருக்கு ஏன் குறைவு? பி.காம். படித்திருக்கிறேன். இரண்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் அரிசி களைகிறேன், குழந்தைக்குத் தலை வாருகிறேன். விற்பவர் சொன்ன காரணம் தெரியும். அது எப்படி நியாயமாகும் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

எங்களுக்கு ஏற்காட்டில் ஒரு சிறிய மளிகைக் கடை. கடையில் மாமி உட்காருவார், அதாவது என் கணவரின் அம்மா. கணவர் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். காலையில் சேலம் மார்க்கெட்டுக்கு இறங்கி, காய்கறியும் மளிகையும் ஏற்றி வந்து எங்கள் கடைக்குப் போக மீதியை நாகலூர், வாழவந்திப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவார். திரும்பும்போது எஸ்டேட்டிலிருந்து மிளகு மூட்டையோ காப்பி மூட்டையோ கிடைத்தால் அது கூடுதல் வருமானம். பழைய வண்டி பதினான்கு வருடம் ஓடியது. போன மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிரேக் பிடிக்காமல், மலைப் பக்கத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். வந்து சொல்லவில்லை. சட்டையிலிருந்த சேற்றைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் மேலே வந்து சேரும் வரை எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

பழைய வண்டியை விற்றோம். புதியது வரும்வரை வாடகை வண்டி எடுத்தார். நாளெல்லாம் ஓட்டியது வாடகைக்கே சரியாக இருந்தது. சேமிப்பையும் பழைய வண்டிக்கு வந்ததையும் கூட்டிப் பார்த்தால் பாதிக்கும் எட்டவில்லை. அப்போதுதான் மாமி தன் ஐந்து பவுன் வளையலைக் கழற்றினார். மகன் கையில் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தார்.

"வட்டிக்கு வாங்கின வண்டி நம்ம ஊட்டு வாசல்ல நிக்கக் கூடாது கண்ணு. நீ படிச்சவ. அதான் உங்கிட்டச் சொல்றேன்."

வட்டி எங்கள் இஸ்லாம் மார்க்கம் விலக்கியது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மாமனார் இருந்த காலத்தில் தவணை தவறியதற்காக அடிவாரத்தில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வண்டி நிறையத் தக்காளி. பெட்டிகளைச் சாலையோரம் இறக்கி வைத்துக்கொண்டு, மாமனார் போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டினாராம். மாமி இதை அழாமல் சொல்வார். ஒவ்வொரு முறையும் பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் கூடும்.

வளையலை விற்று, எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் தேறியது. நானும் கணவரும் மூன்று வயது மகளும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினோம். மகள் பாதி மலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஷோரூமுக்குள் நுழையும்போது என் புடவை முந்தானை ஈரமாக இருந்தது. அதை மறைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். விலை பேசும் வேலையைக் கணவர் என்னிடம் விட்டுவிட்டார். அவர் நேராகப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்.

விற்பனையாளர் நாற்பது வயதுக்காரர். சிரித்த முகம். கணக்குப் போட்டு, ரோட்டுக்கு வரும்போது எட்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்றார். "லோன் எதுல பண்றீங்க மேடம்?"

"லோன் வேண்டாங்க. முழுப் பணமும் ரெடியா இருக்குங்க."

பஸ்ஸில் வரும்போது ஐந்தாறு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. மண்டியில் ரொக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டைக்கு இவ்வளவு என்று தானாகவே குறைத்துவிடுவார்கள். கடைக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து நான் பார்த்த உலகம் அதுதான். எனவே என் துருப்புச் சீட்டை முதலிலேயே இறக்கினேன். அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார்.

"கேஷுங்களா? கேஷ்னா பத்தாயிரம் கொறைக்கலாங்க. லோன்னா நாப்பத்தஞ்சு."

"மாத்திச் சொல்றீங்களாங்க?"

"இல்லைங்க மேடம், சரியாத்தான் சொல்றேன். லோன் போட்டா பைனான்ஸ்காரங்க எங்களுக்குக் கமிஷன் குடுப்பாங்க. அதுலிருந்துதான் உங்களுக்குக் கொறைக்கறது. நீங்களே பூராவும் கட்டிட்டா எனக்கு எங்கிருந்துங்க வரும்?"

வண்டிக்கு அடியிலிருந்து கணவரின் குரல் வந்தது. "அப்போ காசில்லாத மாதிரி வந்திருக்கோணுங்க."

"பாய் கரெக்டாப் புடிச்சுட்டாருங்க."

இரண்டு மணி நேரம் பேசினேன். மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவதாக அவர் நான்கு முறை கண்ணாடி அறைக்குள் போனார். நான்காவது முறை எட்டிப் பார்த்தேன். உள்ளே மேனேஜரே இல்லை. இவர் நின்றபடி போன் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "சார் முடியவே முடியாதுன்னுட்டாருங்க" என்றார்.

"ஒரு தார்ப்பாயாவது சேத்துக் குடுங்க. மேல மழை விடறதே இல்லைங்க."

"ஏற்காட்டுலிருந்து வர்றீங்க, ஒரு பலாப்பழம்கூட இல்லாம வந்துட்டீங்களே மேடம்."

"வண்டியைக் குடுங்க, அதுலயே ஏத்திட்டு வர்றேன்" என்றார் கணவர்.

கடைசியில் எழுந்துவிட்டேன். மார்க்கெட்டில் பத்தடி நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இங்கே கண்ணாடிக் கதவைத் தாண்டினேன், படியிறங்கினேன், சாலையைக் கடந்து நிறுத்தத்திலும் நின்றேன். இரண்டு பஸ்களை வேண்டுமென்றே விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. மகள் தோளில் தூங்கிவிட்டாள். "வெயில்ல எதுக்கு நிக்கறே, வா" என்று கணவர் மூன்றாவது பஸ்ஸில் ஏற்றினார்.

அடுத்த வாரம் நாங்களாகத்தான் போனோம். வாடகை வண்டி எங்களைக் காத்திருக்க விடவில்லை. வேறு இரண்டு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். அந்த ஒரு வாரத்தில் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் கறுத்துவிட்டது. ரொக்க விலைக்கு எங்களிடம் இருபத்தைந்தாயிரம் குறைந்தது. கடன் போட்டால் கிடைக்கும் விலைக்குப் பத்தாயிரம் மிஞ்சியது.

இந்த முறை விற்பனையாளர் டீ வரவழைத்தார். மகளுக்கு ஒரு பலூன் கொடுத்தார்.

"மூணு லட்சம் மட்டும் பேப்பருக்கு லோன் போடுங்க மேடம். உங்க காசு உங்க பேங்க்லயே இருக்கட்டும், அதுலிருந்து தவணை போகட்டும். ஆறு மாசத்துல அடைச்சுட்டு, லோன் முடிஞ்சுதுன்னு லெட்டர் வாங்கிக்கங்க. எத்தனையோ பாய்ங்க இப்படித்தாங்க எடுத்துட்டுப் போறாங்க."

ஆறு மாத வட்டியும் மற்ற கட்டணங்களும் சேர்ந்து இருபத்து நான்காயிரம் ஆகும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதையும் கழித்தால் பதினோராயிரம் லாபம். கணவரைப் பார்த்தேன்.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க."

"உனக்குத்தானே கணக்குத் தெரியும். நீ சொல்லு."

"கணக்கு இல்லைங்க இது. மாமிகிட்ட என்ன சொல்றது?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு வண்டி வேணும். கையெழுத்து எங்க போடச் சொல்றியோ போடறேன். அம்மாகிட்ட நீ பேசிக்க."

அது கோபமில்லை. அன்று காலை நாலரை மணிக்கு எழுந்தவர் அவர். நானும்தான். மகள் பலூனை உடைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் மாமிக்குக் கடையில் ஆள் மாற்றிவிட முடியும். சரி என்று சொன்னேன். யோசித்து எடுத்த முடிவு என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும் என்றிருந்தது. என் அண்ணனிடம் இருபத்தைந்தாயிரம் கைமாற்றாகக் கேட்டிருக்கலாம் என்பது ஊருக்குத் திரும்பிய பிறகே தோன்றியது. அப்போதும் போன் செய்து நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. மாமியிடம், முழுப் பணத்தையும் கட்டி நாற்பத்தைந்தாயிரம் குறைத்துவிட்டேன் என்று சொன்னேன். தார்ப்பாயைக் கடைசி வரை கொடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, வீட்டைப் பார்த்துப் போக பைனான்ஸிலிருந்து ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. நான் முன்கூட்டியே அவருக்குப் போன் செய்து, பெரியவர்கள் இருப்பார்கள், லோன் என்ற சொல்லே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நொம்ப ஊட்டுல இப்படித்தாங்க, எனக்குப் பழக்கம்" என்றார். வந்தவர் தலை நரைத்த மனிதர். மலை ஏறி வந்த குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டார். மாமி அவரை வண்டிக் கம்பெனிக்காரர் என்று நினைத்து உட்காரவைத்து, டீயும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்.

"எங்க மருமக முழுசாக் காசு கட்டிட்டாங்க. சீக்கிரமா அனுப்பி வைங்க."

"அனுப்பிடலாங்கம்மா. ஊடு சொந்தந்தானுங்களே?"

"சொந்தந்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

"வண்டி நிறுத்த எடம் இருக்குதான்னு பாக்கோணுங்க."

வாசலில் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவில் நின்றார். நான் மகளின் மூக்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாமனாரின் வண்டியைப் பிடித்துவைத்தவர்கள் இதே கம்பெனியா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

வண்டி வந்தது. மாமி பாத்திஹா ஓதிச் சர்க்கரை பங்கு வைத்தார். பின்கதவில் பைனான்ஸ்காரர்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மறுநாள் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டி எடுத்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கணவர் வரும் நேரத்தில் இப்போது நான் வாசலுக்கு ஓடுவதில்லை. அதற்காகத்தானே எல்லாம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மாதம் ஐந்தாம் தேதி என் போனில் தவணை போன செய்தி வரும்போது, மாமி அடுத்த அறையில் தொழுதுகொண்டிருந்தால், போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். இரண்டு போயிற்று. இன்னும் நான்கு இருக்கிறது. ஆறும் முடிந்து கடிதம் வந்ததும் சொல்லிவிடலாம், அல்லது சொல்லாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மாரமங்கலத்து அக்கா கடைக்கு வந்தார். மாமிக்குப் பல வருடப் பழக்கம். காப்பியும் மிளகும் போட்டிருக்கும் குடும்பம். இந்த வருட மிளகுப் பணத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு வண்டி எடுக்கப் போகிறார்களாம். நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏஞ்சாமி, முழுக் காசைக் காட்டி நாப்பத்தஞ்சாயிரம் கொறைச்சுட்டயாமா? உங்க மாமி மார்க்கெட்டு பூராவும் சொல்லிட்டுத் திரியறாங்க."

"சொன்னா என்ன தப்பு? எங்க ஊட்டுப் புள்ள வாயத் தொறந்தா ஷோரூமே பேசாம உக்காந்துக்கும்" என்றார் மாமி. "இவளைக் கூட்டிட்டுப் போ. வட்டிக்காரன் மொகத்துலயே முழிக்க வேணாம். வர்ற புதன்கிழமை போய்ட்டு வாங்க ரெண்டு பேரும்."

"எங்களுக்கும் கடன்னா ஆகாதுங்க. அவரு அந்தக் காசைத் துணியில முடிஞ்சு வச்சிருக்காரு. நாங்க என்னத்தைக் கண்டோம் சாமி, நீயே பேசி வாங்கிக் குடுத்துரு."

எனக்கு உடம்பு சரியில்லை, புதன்கிழமை முடியுமா தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் வியாழக்கிழமை என்றார் அக்கா.

நான் போனாலும் போகாவிட்டாலும் அவர் முழுப் பணத்தோடுதான் போவார். முழுப் பணம் இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுவார். பத்தாயிரம்தான் குறைப்பார்கள். மீதி முப்பத்தைந்தாயிரம் என் பொய்யை நம்பியதற்காக அவர் கொடுப்பது. அவரைத் தனியே அழைத்து உள்ளதைச் சொல்லிவிடலாம். ஆனால் அக்காவின் வாயில் ஒரு செய்தி எங்கள் கடை வாசலைத் தாண்டும் முன்பே மாமியிடம் போய்விடும். மாமி அதை என் வாயால் கேட்பதும் பிறர் வாயால் கேட்பதும் ஒன்றல்ல என்று மட்டும் தெரிகிறது. மாமியிடம் முதலில் சொல்லலாம் என்று நேற்று இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் முறை தலைவலியா கண்ணு என்று கேட்டார். இரண்டாம் முறை நானே எழுந்து வந்துவிட்டேன். கணவரைக் கேட்டால், நீ பேசினால்தான் சரியாக வரும் என்கிறார்.

மாமி இதைப் படிக்க மாட்டார். படித்துக் காட்டுவதற்கு ஆட்கள் இருக்கலாம். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவும்தான் எழுதுகிறேனோ என்னவோ. உங்கள் வீட்டில் மாமியாரோடு ஒரே கல்லாவில் உட்காருபவர்கள், இப்படி ஒன்றை மறைத்துப் பிறகு சொன்னவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வளையலை நம்பிக் கொடுத்தவரிடம் முதல் வாக்கியமாக எதைச் சொன்னீர்கள்? காரணத்தை முதலில் சொல்வதா, செய்ததை முதலில் சொல்வதா? தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.