சனூஸா உடைத்த சோதனைக்குழாய்

கிண்ணியாவில் பெண்கள் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் சனூஸாவுக்கு இது பத்தொன்பதாவது வருடம். கழுவுவது, துடைப்பது, பூட்டுவது, இதுதான் உத்தியோகம். இத்தனை வருடத்தில் அவள் கையால் ஒரு சோதனைக்குழாய்கூட உடைந்ததில்லை. இதை யாரைக் கண்டாலும் சொல்லுவாள். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்லுவாள். பீங்கான் கடைக்காரனுக்குக்கூட இவ்வளவு பெருமை இருக்காது.

அந்த ஆய்வுகூடத்துக்கே இந்த வருடம் ஆபத்து வந்தது. உயர்தர வகுப்பின் விஞ்ஞானப் பிரிவுக்கு எட்டுப் பிள்ளைகளாவது சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவது என்று அதிபர் சொல்லிவிட்டார். சேர்ந்திருந்தது ஏழு பேர். அதில் ஒருத்தி சனூஸாவின் மூத்த மகள் றுமானா. பிரிவை மூடினால் விஞ்ஞானம் படிக்கத் தினமும் பஸ் ஏறித் திருகோணமலை டவுனுக்குப் போகவேண்டும். அதற்குப் பிள்ளையின் வாப்பா சம்மதிக்கமாட்டார், கெஞ்சிப் பார்த்தாயிற்று. அந்த யோசனையில் சனூஸாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலையூற்றிலிருந்து வரும் பௌதிகவியல் ஆசிரியை கௌசிகாதான் வழி சொன்னாள். பெற்றோர் கூட்டத்தில் கண்ணாடிக் குழாயை மறைத்துக் காட்டினால் இன்னொரு பிள்ளையாவது சேரும்.

“வெளிச்சம் காத்திலயிருந்து கண்ணாடிக்குள்ள போகேக்க வளையும் அக்கா. அந்த வளைவாலதான் கண்ணாடி எங்கட கண்ணுக்குத் தெரியுது. அதே அளவுக்கு வெளிச்சத்தை வளைக்கிற எண்ணெய்க்குள்ள அதைப் போட்டா, வெளிச்சம் நேராப் போயிடும். கண்ணுக்குப் பிடிக்க ஒண்டும் இராது. ஆளையே மறைக்கிற பொருளுக்கும் இப்ப ஆராய்ச்சி நடக்குது.”

“ஆளை மறைக்கிறது இருக்கட்டும் டீச்சர். நம்மட பிரிவு மறையாமப் பாப்பம்,” என்றாள் சனூஸா.

அவளுடைய குசினியில் சமையலுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும்தான். நல்ல தெளிந்ததாகப் பார்த்து இரண்டு போத்தல் கொண்டுபோய் முகவை என்ற கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சோதனைக்குழாய் ஒன்றை உள்ளே விட்டாள். குழாய் மறையவில்லை. அதன் விளிம்பு முழுக்க வெட்கமில்லாமல் தெரிந்தது. கௌசிகா போனில் தேடிப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் வெளிச்சத்தை வளைப்பது போதாது, நல்லெண்ணெய் என்றால் சரிவரும் என்றாள்.

நல்லெண்ணெயா! சனூஸாவின் இளைய மகள் போன மாதம்தான் வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகியிருந்தாள். பச்சை முட்டையோடு காலையில் குடிக்கக் கொடுங்கள் என்று சொந்தக்காரர் கொண்டுவந்த போத்தல்கள் அலுமாரிக்குள் நிறைந்து கிடந்தன. கேட்டதுதான் தாமதம், அந்தப் பிள்ளையே எல்லாவற்றையும் பையில் அடுக்கிவிட்டாள்.

“கொண்டு போங்க உம்மா. ஒரு சொட்டும் மிச்சம் வைக்காதீங்க!”

கூட்டத்தன்று மேசையில் பெரிய முகவை நிறைய நல்லெண்ணெய். அதற்குள் முழுக் குழாய் ஒன்று முன்கூட்டியே கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. இன்னொரு குழாயைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைக்கவேண்டும். கை ஓங்கிய சனூஸா அப்படியே நின்றுவிட்டாள். பத்தொன்பது வருடப் பெருமை அல்லவா! பின்வரிசையில் றுமானா நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே “பிஸ்மில்லாஹ்” என்று ஒரே அடி.

துண்டுகளை எண்ணெயில் போட்டாள். போட்ட இடம் தெரியவில்லை. பிறகு இடுக்கியை விட்டு முழுக் குழாயைத் தூக்கினாள். மண்டபமே “யா அல்லாஹ்!” என்றது.

“மந்திரமில்ல,” என்று சனூஸா அவசரமாகச் சொன்னாள். “இது முதலே உள்ளுக்குக் கிடந்தது. உடைஞ்சதும் உள்ளுக்குத்தான் கிடக்குது.” ஒரு துண்டையும் எடுத்துக் காட்டினாள்.

மகளைக் கலைப் பிரிவில்தான் சேர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற பரீதா என்ற தாய் எழும்பி வந்து முகவைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்ட மூத்த மருமகனை இதுக்குள்ள விட்டா மறைவாரா டீச்சர்?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

“அவருக்கேத்த எண்ணெயை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல,” என்றாள் கௌசிகா. “உங்கட மகள் படிச்சுக் கண்டுபிடிக்கட்டும்.”

பரீதா திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை முகவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சரி, பேரை எழுதுங்க. மருமகன் எங்க ஓடப் போறார், ஆறுதலாக் கண்டுபிடிக்கட்டும்.”

“எட்டு!” என்று றுமானா பின்னாலிருந்து கத்தினாள். அந்தச் சத்தத்தில் சனூஸாவின் எண்ணெய்க் கையிலிருந்த முழுக் குழாய் வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்து சுக்குநூறானது.

றுமானா விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். சனூஸா தரையைப் பார்க்கவேயில்லை. மகளையே பார்த்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

“கிடக்கட்டும் மகள்,” என்றாள்.